கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் தென்மேற்குக் காற்று தென்காசியோடு நிற்பதில்லை. கிழக்கே கயத்தாறு வரை வீசும். தேவர்குளம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் கூட்டமாக நிற்பதும், தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் சோதனை நிலையத்தைக் கயத்தாறில் வைத்திருப்பதும் அதனால்தான்.

இந்த ஆலைகளின் இறக்கைகளை ட்ரோனில் படம் பிடிக்கும் இளைஞர்களை ஒரு விடியற்காலையில் பார்க்கப் போயிருந்தேன். மின்னல் தாக்கிய கருகல், விளிம்புத் தேய்மானம், விரிசல் இவற்றைப் பார்க்க முன்பெல்லாம் ஆள் கயிற்றில் தொங்க வேண்டும். இப்போது ஆலையை நிறுத்திவிட்டு, சில மீட்டர் தள்ளி ட்ரோனை ஏற்றி இறக்குகிறார்கள். ஓர் உயிர் தொங்குவதற்குப் பதில் ஒரு கருவி பறக்கிறது, நல்ல மாற்றம்தான்.

"முள்ளுச்செடி கூட அசையல, இன்னும் ஏத்தாம என்ன தம்பி?" என்றார் காவலுக்கு இருந்த பெரியவர்.

"இங்கன அசையாது அண்ணாச்சி. மேல மேகம் ஓடுத ஓட்டத்தப் பாருங்க."

அந்த இளைஞர் சொன்னது சரி. இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்று அடங்கிவிடும். நூறு மீட்டர் உயரத்தில் அடங்காது. பகலிலும் சமவெளியில் 10 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, 100 மீட்டரில் ஏறக்குறைய 10 ஆகிவிடும். சிறிய கேமரா ட்ரோன்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லையே 10 முதல் 12 மீட்டர்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

ஆபத்து பெரும்பாலும் திரும்பும்போது வருகிறது. நொடிக்கு 15 மீட்டர் பறக்கும் ட்ரோன், 10 மீட்டர் காற்றோடு போனால் ஒரு கிலோமீட்டரை 40 நொடியில் கடக்கும். அதே காற்றை எதிர்த்துத் திரும்ப 200 நொடி ஆகும். போகும்போது மிச்சமிருந்த பேட்டரியை நம்பியவர் பாதி வழியில் வயற்காட்டில் தேட வேண்டியதுதான். தானாகத் திரும்பும் வசதியும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. குறித்து வைத்த உயரத்துக்கு முதலில் ஏறி, இன்னும் பலத்த காற்றுக்குள் அது போய்விடும். அந்த நேரத்தில் கையால் தாழ இறக்கி ஓட்டி வருவதே வழி.

பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் சங்கடம் வேறு. மலையைத் தாண்டி வரும் காற்று கிழக்குச் சரிவில் சுழன்று கீழ்நோக்கி அமுக்கும். அங்கே எந்த வேகக் கணக்கும் நிற்காது.

அனுபவசாலிகள் இந்த வேலையைக் காற்றுக்காலத்துக்கு முன்பே, மாசி பங்குனியிலேயே முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் பழுது மாதம் பார்த்தா வருகிறது? ஆடியில் நிறுத்திய ஆலைக்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். அந்த அவசரமெல்லாம் ரிமோட்டைப் பிடித்திருப்பவர் தலையில் விழுகிறது. இந்தக் குழுவுக்குப் படம் பிடித்த ஆலைக் கணக்கில்தான் பணம். காற்றைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாம்" என்று நிறுத்திய நாளுக்கும் கூலி உண்டென்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.