தங்கத்துக்குத் தப்பிய 486

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது செல்போன் உறைகளும் சிசிடிவி கேமராக்களும்தான். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று உள்ளே போகப் போகச் சாமான்களின் வயது ஏறிக்கொண்டே வரும். அப்படி ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய ஒரு கடையில்தான் இன்னமும் 486 கணினி அசெம்பிள் செய்கிறார்கள். அதன் மூளையான 486 சிப்பை இன்டெல் அறிமுகப்படுத்தியது 1989இல்.

"இதையெல்லாம் யாருண்ணே வாங்குறாங்க?" என்று கடைக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"மில்லுக்காரங்க, தம்பி. நூலு டெஸ்ட் பண்ற மிஷின் நல்லாத்தான் ஓடிட்டிருக்கும். அதோட பேசுற கார்டு ஐஎஸ்ஏ ஸ்லாட்லதான் உக்காரும். இப்ப வர்ற போர்டுல அந்த ஸ்லாட் ஏது?"

கணினி செத்தால் இயந்திரமும் சேர்ந்து சாகும். புது இயந்திரம் வாங்கப் பல லட்சம் வேண்டும். அதனால் பழைய கணினியை எப்படியாவது பிழைக்க வைத்துத் தரச் சொல்லி இங்கே வருகிறார்கள். பழைய டாஸ் விளையாட்டு ஆசையில் வரும் இளைஞர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பேரம் பேசிவிட்டுப் போகிறவர்கள் என்பது அண்ணனின் கணிப்பு.

உதிரிகள் கோணிப்பையில் வருகின்றன. காயலான் கடையில் கிலோ கணக்கில் வாங்குவது. இங்கேதான் சிக்கல். 486இன் பீங்கான் உடலுக்கு அடியில் 168 கால்கள், எல்லாம் தங்க முலாம் பூசியவை. தங்கம் எடுக்கிறவர்களும் இதே மூட்டைக்குத்தான் வருகிறார்கள். சிப் ஓடுமா ஓடாதா என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை, எடைதான் கணக்கு. அமிலத்தில் போட்டால் ஓடாத சிப்பும் ஓடுகிற சிப்பும் ஒன்றுதான். அந்த அமிலப் புகையைச் சுவாசிக்கிறவர்களின் கதை தனி. அதைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

மூட்டையிலிருந்து நீளமான ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஜிஸ்ட் கார்டு. ஐஐடி கான்பூரில் பிறந்து, புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த நுட்பம். கறுப்புத் திரை டாஸ் காலத்திலேயே தமிழையும் மற்ற இந்திய எழுத்துகளையும் திரையில் காட்டியது. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஸ்லாட்டில் செருகும் விளிம்பே இல்லை. தங்கப் பூச்சுள்ள அந்தப் பற்களை மட்டும் யாரோ கத்தரியால் நேர்கோடாக வெட்டி எடுத்திருந்தார்கள். மேலே சிப்புகள் அத்தனையும் பழுதில்லாமல் இருந்தன.

அன்று மேசையில் கிடந்த மதர்போர்டுக்கு வேறு நோய். கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நீல உறை போட்ட சிறு உருளை ஒன்று இருந்தது. 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போது நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. வயதானால் கசியும். கசியும் காரம் செம்புத் தடங்களின் மேல் ஊர்ந்து, போகிற வழியெல்லாம் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். அண்ணன் கட்டரால் பேட்டரியைக் கத்தரித்துத் தனி டப்பாவில் போட்டார். காது குடையும் பஞ்சை வினிகரில் தோய்த்துக் களிம்பின் மேல் ஒற்றினார். "காரத்துக்குப் புளிப்புதான் மருந்து" என்றார். பிறகு டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் அலசி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ப்ளோயரில் காய வைத்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு தடத்தின் இரு கோடியிலும் வைத்தார். பீப் என்றால் தடம் உயிரோடு இருக்கிறது. சத்தமில்லாத தடத்தைப் பிளேடால் லேசாகச் சுரண்டி, செம்பு மின்னும் இடத்தில் ஈயம் வைத்து, தலைமுடி கனத்தில் ஒரு எனாமல் கம்பியைப் பாலமாகப் போட்டார். அந்தக் கம்பியும் ஏதோ ஒரு பழைய ரிலேயின் சுருளிலிருந்து உருவியது. பேட்டரி இருந்த இடத்துக்கு மூன்று வோல்ட் நாணய பேட்டரி. கூடவே ஒரு டயோடு. போர்டு பழைய பழக்கத்தில் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், லித்தியம் அதைத் தாங்காது.

மற்றதெல்லாம் பழகிய கை வேகத்தில் நடந்தது. பழைய ஏடி பவர் சப்ளையிலிருந்து வரும் இரண்டு கனெக்டர்களையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போயே போய்விடும். முன்பக்க சுவிட்சில் 230 வோல்ட் நேரடியாக வருகிறது, தொட்டுப் பார்க்கிற சமாசாரம் இல்லை. முப்பது முனை ராம் என்றால் நான்கு நான்காகத்தான் போட வேண்டும், மூன்று போட்டால் எழுந்திருக்காது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், அடாப்டர் வைத்து ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. அந்தக் காலத்து பயாஸ் பலவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் கண் தெரியாது. ஆகவே பெரிய கார்டு போட்டும் பயனில்லை.

சுவிட்சைப் போட்டதும் எட்டு பீப். திரை இருட்டு.

"விஜிஏ கார்டுடா," என்றார் உதவிப் பையனிடம். அந்த பயாஸில் எட்டு என்றால் திரை நினைவகத்தில் கோளாறு. பையன் வேறொரு கார்டை எடுத்து, அதன் பற்களை ரப்பரால் தேய்த்துவிட்டுச் செருகினான். இந்த முறை திரையில் நினைவகக் கணக்கு மளமளவென்று ஏறியது.

அந்தப் பையன் இங்கே நிலைக்க மாட்டான் என்று அண்ணனே சொல்கிறார். லேப்டாப் சிப் லெவல் சர்வீஸில் வருமானம் அதிகம். போகட்டும், அதில் தவறில்லை. கடைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், பழையதைப் புதுப்பிக்கிறவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. மாடிப்படிக்கு அடியில் இருப்பவர் அதற்கான இணையதளத்தில் தன்னை எப்படிச் சேர்ப்பார்? ஒரு போர்டைப் பத்து ஆண்டு கூடுதலாக ஓட வைப்பவரைவிடப் பெரிய மின்கழிவு நிர்வாகி யாரும் இருக்க முடியாது என்பது என் கட்சி.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துக் கணினி ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடும் முன் திறந்து பாருங்கள். நீல உருளை இருந்தால் அதை மட்டும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், காட்மியம் நஞ்சு. மீதியை, ஓட வைக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.