தன்னுறு தொழில்

2019 தைப்பொங்கலுக்கு மறுநாள் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். இளங்கலைத் தமிழ் படித்தவன். வெலிங்டனில் பயிற்சி முடித்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன் ஒன்றில் சிப்பாயாக இருந்தான். ஊர்க்கதைகளைப் பேசி முடித்தபின், "ஐயா, பாரா எஸ்.எஃப்.புக்குப் பேர் கொடுக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

சர்ஜிகல் ஸ்ட்ரைக் பற்றிய 'உரி' என்ற இந்திப் படம் அந்த வாரம்தான் வெளியாகியிருந்தது. சினிமா மயக்கமோ என்று ஐயுற்றேன். அவனோ நிதானமாக விளக்கினான். பாராசூட் ரெஜிமெண்டின் சிறப்புப் படைக்கு யாரையும் கட்டாயமாக அனுப்புவதில்லை. எந்தப் பிரிவினரும் தாமாக முன்வரலாம். பல வாரத் தகுதிகாண் காலம். சுமையோடு இரவெல்லாம் நடை, பசி, உறக்கமின்மை. எந்த நிமிடத்திலும் "போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் பட்டாலியனுக்குத் திரும்பிவிடலாம். பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். எஞ்சுபவர் மார்பில் அணியும் சின்னத்தில் தேவநாகரியில் 'பலிதான்' என்று எழுதியிருக்கும்.

"வெளிய போற கதவு எப்பவும் திறந்தே இருக்கும் ஐயா. அதுதான் கஷ்டம்."

எனக்குக் குற்றவுணர்வு எழுந்தது. மூதின்முல்லைப் பாடல்களை நடத்துகையில் என் குரல் தானாகவே உயர்ந்துவிடும். மகனைக் களத்துக்கு அனுப்பும் தாயின் பெருமிதத்தை இவன் என் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறான். இவனுடைய தாயோ ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். மகனுடைய போன் இரண்டு நாள் வராவிட்டால் என்னைத் தேடி வந்துவிடுவார்.

தடுக்கும் எண்ணத்தோடு யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொன்னேன். 1987 அக்டோபர் 12, நள்ளிரவு கடந்த வேளையில் புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் பாரா கமாண்டோக்கள் ஹெலிகாப்டர்களில் இறக்கப்பட்டனர். எதிராளிகள் முன்னறிந்து காத்திருந்தார்கள். உடன் இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர். அயலிலிருந்த குடிமக்களும் உயிரிழந்தனர். கல்லூரியில் பணிபுரியும் எனக்கு, ஒரு கல்விக்கூடத்தின் மைதானத்தில் அது நிகழ்ந்தது என்பதைக் கடந்துசெல்ல முடிந்ததில்லை. "எவ்வளவு பயிற்சி இருந்து என்னப்பா? திட்டம் தவறென்றால்?" என்றேன்.

"படிச்சிருக்கேன் ஐயா. இப்பவும் போகச் சொல்ற இடத்துக்குத்தான் போறேன். இதுக்குப் பேர் கொடுக்கிறது ஒண்ணுதான் நானா செய்யறது" என்றான்.

நான் பேச்சிழந்தேன். புறப்பொருள் வெண்பாமாலை வெட்சியை இரண்டாகப் பகுக்கிறது: வேந்தன் ஏவச் செல்வது மன்னுறு தொழில், ஏவலின்றித் தானே செல்வது தன்னுறு தொழில். ஆண்டுதோறும் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்டுக் கேட்டு நான் தேய்த்துவிட்ட பாகுபாடு அது. ஏவலுக்கே வாழ்வை ஒப்புக்கொடுத்த ஒருவனுக்கு, தானே முடிவெடுக்க வாய்க்கும் ஓரிடம் எவ்வளவு அரியது என்பது அன்றுதான் விளங்கியது. "நீயே முடிவு செய்" என்றேன். நழுவுகிறேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்கக் கூடும். கிளம்பும்போது, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஐயா" என்றான்.

அவன் பெயர் கொடுத்தான். போன் நின்றது. அவன் தாய் வந்து, "உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா ஐயா?" என்று கேட்டபோது, "பயிற்சியில் இருப்பான், அம்மா" என்றேன். அது பொய்யல்ல. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலவில்லை.

ஐந்தாவது வாரம் ஓர் இரவில் அழைத்தான். "போதும்னு சொல்லிட்டேன் ஐயா. பட்டாலியனுக்கே வந்துட்டேன்." ஆறுதல் சொற்களை நான் தேடிக்கொண்டிருக்க, அவன் குரலில் அயர்ச்சி இருந்ததேயன்றி வெட்கம் இல்லை. அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் மிகச் சிறிய ஏமாற்றம் ஒன்றும் இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. சேர்வதும் திரும்புவதும் அவன் தானாகச் செய்தவை. ஏமாறுவதற்கு எனக்கு என்ன உரிமை? இப்போதெல்லாம் மூதின்முல்லையை நடத்தும்போது, சத்துணவுக் கூடத்து வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த அம்மாள் நினைவுக்கு வந்துவிடுகிறார். என் குரல் முன்போல் உயர்வதில்லை.