யார் முந்தியது?

லாக் போடாமல் கோட் எழுதக் கற்றுக்கொள்ள வரும் இளையவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு சின்ன வேலை. இரண்டு த்ரெட்கள் ஆளுக்கொரு மதிப்போடு வரும். அந்த இரண்டில் ஏதாவது ஒன்றை இரண்டு த்ரெட்களும் ஏற்றுக்கொண்டு போக வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கக் கூடாது. பகிர்ந்த ரெஜிஸ்டர்களில் படிக்கலாம், எழுதலாம். வேறு எதுவும் கிடையாது.

நாட்கணக்கில் முட்டிமோதுவார்கள். ஒரு ஃப்ளாக் வைப்பார்கள், போதாமல் இன்னொன்று வைப்பார்கள். எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் இந்த மாதிரி கோடை அச்செடுத்து மேசையில் விரிப்பார். ஒரு வரியில் விரலை ஊன்றி, "இவன் இங்கே நின்னுட்டான். அடுத்தவன் கண்ணுக்கு என்ன தெரியும்?" என்பார். பதில் சொன்னால் விரல் அடுத்த வரிக்கு நகரும். அந்த விரல்தான் ஷெட்யூலர். எந்த வரியிலும் நிறுத்தும், எவ்வளவு நேரமும் நிறுத்தும். இந்த வகை பக்குக்கு அவர் டீபக்கரைத் திறக்கவே மாட்டார். டீபக்கர் வைத்தால் வேகம் மாறும், பக் ஒளிந்துகொள்ளும்.

விரல் நகர நகர விஷயம் பிடிபடும். படிப்பது தடம் விடாது. எழுதியதன் மேல் அடுத்தவன் எழுதினால் முந்தையது அழிந்துவிடும். வேறு வேறு இடத்தில் எழுதினாலோ எது முதலில் என்று தெரியாது. யார் முந்தியது என்பதற்குச் சாட்சியே மிஞ்சுவதில்லை. ஆகவே அந்தச் சின்ன வேலை முடியாத வேலை. அதை முட்டிப் பார்த்தே உணர வேண்டும் என்பதால்தான் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மாரிஸ் ஹெர்லிஹி 1991-இல் இதையே அளவுகோலாக்கினார். ஒரு பொருளையும் ரெஜிஸ்டர்களையும் வைத்துக்கொண்டு, யாரும் காத்திராமல், அதிகபட்சம் எத்தனை த்ரெட்களை இணங்கவைக்க முடியுமோ அதுவே அந்தப் பொருளின் வலு. ரெஜிஸ்டருக்கு 1. டெஸ்ட் அண்ட் செட், ஃபெட்ச் அண்ட் ஆட், ஸ்டாக், கியூ எல்லாவற்றுக்கும் 2. எதிர்பார்த்த மதிப்பே இருந்தால் மட்டும் புதியதை எழுதும் காம்பேர் அண்ட் ஸ்வாப்புக்கு எல்லையே இல்லை.

கியூவை நீங்களே செய்து பாருங்கள். முன்கூட்டியே 'வெற்றி', 'தோல்வி' என்று இரண்டு டோக்கன்களை வரிசையாகப் போட்டுவையுங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் தன் மதிப்பைத் தன் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு ஒரு டோக்கனை எடுக்கட்டும். 'வெற்றி' எடுத்தவன் தன் மதிப்பை வைத்துக்கொள்வான். மற்றவன் எதிராளியுடையதை எடுத்துக்கொள்வான். மூன்றாவது த்ரெட்டைச் சேர்த்தால் சிக்கல். தோற்றவனுக்குத் தான் தோற்றது தெரியும், மற்ற இருவரில் ஜெயித்தது யார் என்று தெரியாது. அதே கியூவில் தலையை எடுக்காமல் எட்டிப்பார்க்கும் வசதி இருந்தால் எத்தனை பேர் வந்தாலும் சமாளிக்கும். முதலில் நுழைந்தவன் தலையிலேயே எல்லார் கண்ணுக்கும் தெரிவான். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

காம்பேர் அண்ட் ஸ்வாப் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அதிலேயே செய்யத் தோன்றும். கூட வேலை செய்த ஒருவரின் ஸ்டாக் சோதனையில் நன்றாக ஓடி, ப்ரொடக்‌ஷனில் உடைந்தது. பாப் செய்ய வந்த த்ரெட் உச்சியில் 'அ', அதற்கடியில் 'ஆ' என்று படித்துவிட்டு நின்றுபோனது. அதற்குள் இன்னொன்று இரண்டையும் எடுத்து, 'ஆ'வை மெமரியிலிருந்து விடுவித்து, 'அ'வை மட்டும் திரும்ப வைத்தது. நின்றது எழுந்து பார்த்தால் உச்சியில் அதே 'அ'. ஸ்வாப் பலிக்கிறது, உச்சி விடுவித்த 'ஆ'வைக் காட்டுகிறது. பாயிண்டரோடு ஒரு பதிப்பு எண்ணையும் ஒட்டி, ஸ்வாப் பலிக்கும்போதெல்லாம் அதைக் கூட்டுவது பழைய மருந்து. 64 பிட் இன்டெல் சிப்பில் இரண்டையும் ஒரே அடியில் மாற்ற 16 பைட் ஸ்வாப் இருக்கிறது.

வலு வேறு, வேகம் வேறு. வெறும் கவுன்ட்டருக்கு நான் ஃபெட்ச் அண்ட் ஆட்தான் போடுவேன். அதன் எண் 2 என்பது அங்கே பொருட்டில்லை. கூட்டல் ஒரே கட்டளையில் முடிகிறது. காம்பேர் அண்ட் ஸ்வாப் லூப்போ நெரிசலில் தோற்றுத் தோற்றுச் சுற்றும்.

அடுத்ததாக மைக்கேல், ஸ்காட் இருவரும் 1996-இல் வெளியிட்ட கியூவைக் கையால் எழுதிப் பாருங்கள். அதில் ஒரு நோடைச் சேர்க்க இரண்டு ஸ்வாப்: ஒன்று கடைசி நோடோடு இணைக்கிறது, மற்றது வால் பாயிண்டரை நகர்த்துகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு த்ரெட் நின்றுபோனாலும், அடுத்து வருபவன் பின்தங்கிய வாலைத் தானே நகர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறான்.