யோசுவா மரத்தின் நிழலில்

பங்குத்தந்தை ஒருவர், அதுவும் ஐம்பதைக் கடந்தவர், பல்லாயிரம் இளைஞர் கூடி ஆரவாரிக்கும் ராக் இசைக் கச்சேரி ஒன்றுக்காக ஒன்றரை நாள் ரயிலில் பயணம் செய்தார் என்றால், இத்திங்களிதழைப் படிக்கும் தாய்மார் சிலர் மூக்கின்மேல் விரலை வைக்கக்கூடும். வைக்கட்டும். போய்வந்தவர் நாமேதான். 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று மாலை நவி மும்பையின் நெருல் பகுதியிலுள்ள டி. ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில், அயர்லாந்து நாட்டு யூ2 இசைக்குழுவினர் இந்தியாவில் முதன்முறையாகக் கச்சேரி நடத்தினர். பங்கு மக்களிடம், 'மும்பையில் பழைய நண்பர் ஒருவரைக் காணச் செல்கிறோம்' என்று மட்டுமே கூறிச் சென்றோம். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. மீதியை இப்பொழுது சொல்லிவிடுகிறோம். அந்த நண்பரின் இசைவோடுதான் எழுதுகிறோம்.

1988இல் நாம் குருமடத்தில் தத்துவம் பயின்றுகொண்டிருந்தோம். வளைகுடா நாட்டில் வேலைபார்த்த அத்தான் விடுமுறையில் வந்தபோது, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய டேப் ரிக்கார்டர் ஒன்றையும் கேசட் ஒன்றையும் நமக்குக் கொடுத்தார். யோசுவா மரம் என்பது அக்கேசட்டின் பெயர், 1987இல் வெளிவந்தது. அத்தானுக்கு அதில் யார் பாடுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்திருந்தார். குருமடத்தில் அத்தகைய கருவிக்கு இடமில்லை. ஆயினும் எடுத்துச் சென்றோம். நம் கடற்கரையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அதே வகுப்பில் இருந்தார். மாலை விளையாட்டு நேரத்தில், வாழைத் தோட்டத்துக்கு அப்பாலிருந்த பழைய களஞ்சியத்தின் பின்புறம் அமர்ந்து, காதில் வைக்கும் கருவியை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு கேட்போம்.

பாட்டின் ஆங்கிலத்தில் பாதி நமக்கு விளங்கவில்லை. விளங்கியது கிதாரின் ஒலியே. எட்ஜ் என்ற பெயரில் வழங்கும் கிதார்க் கலைஞர், தாம் எழுப்பும் ஒவ்வொரு சுரத்தையும் எதிரொலிக் கருவி ஒன்றின் வழியே அனுப்புவார். சென்ற சுரம் திரும்பி வருவதற்குள் அடுத்த சுரம் எழுந்து அதனோடு பின்னிக்கொள்ளும். ஒருவர் வாசிப்பது மூவர் வாசிப்பது போலிருக்கும். கிணற்றில் கூப்பிட்டுக் கூப்பிட்டு விளையாடிய சிறுவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் இரண்டாம் பாட்டின் நடுவில் நாடா உருளையில் சிக்கிக் கசங்கிவிட்டது. கசங்கிய பகுதி ஒரு சாண் இருக்கும்; அதை வெட்டி எறிந்துவிட்டு, இரு முனைகளையும் ஒட்டினோம். ஒரு சாண் நாடா என்பது ஏறத்தாழ ஐந்து வினாடி இசை. அன்றுமுதல் அந்த இடத்தில் பாடகர் ஒரு சொல்லைத் தொடங்குவார். முடிப்பதற்குள் வேறொரு வரிக்குத் தாவிவிடுவார். நாங்களும் அவ்வாறே தாவிப் பாடப் பழகிக்கொண்டோம்.

இந்நால்வரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1976இல் டப்ளின் நகரப் பள்ளி ஒன்றின் அறிவிப்புப் பலகையில், இசைக்குழு அமைக்க ஆள் வேண்டும் என்று லாரி மல்லன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவர் சீட்டு எழுதி ஒட்டியதிலிருந்து தொடங்குகிறது இவர்களுடைய வரலாறு. பாடகர் போனோவின் தந்தை கத்தோலிக்கர். தாய் புரொட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்தவர். அக்கால அயர்லாந்தில் இத்தகைய குடும்பம் எவ்வளவு பேச்சுக்கு இடமாகியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் பதினான்கு வயதாயிருக்கையில் தாயார் இறந்துபோனார். பின்னர், நால்வரில் மூவர் டப்ளினில் ஒரு செபக்குழுவில் சேர்ந்து, 'விசுவாசமும் ராக் இசையும் ஓரிடத்தில் வாழ முடியுமா?' என்ற கேள்வியால் உலைந்து, 1980களின் தொடக்கத்தில் குழுவையே கலைத்துவிடும் நிலைக்கு வந்தனர். கலைக்கவில்லை. 1983இல் வெளிவந்த இசைத்தட்டின் கடைசிப் பாட்டை 40ஆம் சங்கீதத்திலிருந்தே எடுத்தனர். '40' என்பதே அதன் பெயர். நம் பழைய வுல்காத்தா எண்ணிக்கைப்படி அது 39ஆம் சங்கீதமாயிற்றே என்று நண்பர் களஞ்சியத்தின் பின்னால் வாதாடியது நினைவிருக்கிறது. இத்தகையோரைக் கேட்டதற்காக நம்மைக் கடிந்துகொள்ள எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவோம்: ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரி 1999இல் போனோ திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சந்தித்தபோது, அவருடைய வண்ணக் கண்ணாடியைத் திருத்தந்தை வாங்கித் தாமே அணிந்து பார்த்தார்.

இனி, சொல்லக் கடினமான பகுதி. அவ்வாண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலை, படுக்கையறைச் சோதனையில் டேப் ரிக்கார்டர் அகப்பட்டது. அந்த வாரம் அது நண்பரின் மெத்தைக்கு அடியில் இருந்தது. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, 'யாருடையது?' என்று கேட்டார்கள். நண்பர், 'என்னுடையது' என்றார். நாம் அவருக்கு அடுத்து மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தோம். வாய் திறக்கவில்லை. சேவல் ஒன்றும் கூவவில்லை; மாலைச் செபத்துக்கு மணி அடித்தது, போனோம். உயிர்ப்புத் திருநாளுக்கு முன்பே நண்பர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர்மீது வேறு குறைகளும் இருந்தன என்று பின்னர் சொல்லக் கேட்டு, அதைப் பற்றிக்கொண்டு நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அவர் மும்பைக்குச் சென்று துறைமுகத்தை அடுத்த நிறுவனம் ஒன்றில் கணக்கராக அமர்ந்தார். நம் குருப்பட்டத்துக்கு வந்திருந்தார். எல்லாரையும் போல வரிசையில் நின்று, எண்ணெய் பூசப்பட்ட நம் கைகளை முத்தமிட்டுச் சென்றார். அப்போதும் நாம் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்துமசுக்கு வாழ்த்து மடல்கள் போய்வந்துகொண்டிருந்தன.

2019 செப்டம்பரில் தொலைபேசியில் அழைத்தார். "மக்கா, அவனுவ வாரானுவ. ரெண்டு டிக்கெட்டு எடுக்கச் சொல்லிட்டேன் மவள்ட்ட. லீவு கேளு." முப்பத்தோர் ஆண்டுகளாக அந்தக் குழுவின் பெயரை இருவரும் ஒருவரிடம் ஒருவர் உச்சரித்ததே இல்லை. 'அவனுவ' என்றதும் நமக்கு விளங்கிவிட்டது.

செம்பூரில் அவர் வீடு. ஞாயிறு காலை அங்குள்ள தமிழ் மக்களுக்குத் திருப்பலி நிறைவேற்றினோம். மகிழ்ச்சியைப் பற்றிய நம் பிரசங்கம் வழக்கத்தைவிடச் சுருக்கமாக முடிந்ததைக் கண்டு நண்பர் முதல் வரிசையிலிருந்து சிரித்தார். பிற்பகலில் புறநகர் ரயிலேறி, வாஷிப் பாலத்தைக் கடந்து, நெருலில் இறங்கினோம். உண்மையைச் சொன்னால் நமக்கு அச்சமாயிருந்தது. ஒலிநாடாவில் இருபதின் பருவத்துக் குரலாக நெஞ்சில் தங்கிவிட்டவர்கள் இப்பொழுது அறுபதை நெருங்கியவர்கள். குரல் உடைந்திருந்தால்? கேட்டது அத்தனையும் நம் இளமையின் மயக்கம் என்று தெரிந்துவிட்டால்? பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், "அங்கிள், தண்ணீர்?" என்று புட்டியை நீட்டினார். வெள்ளை அங்கியின்றி, சட்டையும் காற்சட்டையுமாக நின்ற நம்மை எவரும் சாமி என்று அறியவில்லை. அதுவும் ஒருவகை ஓய்வாகவே இருந்தது.

மேடையின் பின்னணி ஏறத்தாழ 200 அடி அகலமும் 45 அடி உயரமும் கொண்ட பெருந்திரை. அதன் மீது கலிபோர்னியப் பாலைவனத்து யோசுவா மரம் ஒன்றின் உருவம். அம்மரத்தின் நிழல் தரையில் விழுந்தாற்போல, கூட்டத்தின் நடுவே நீண்டு செல்லும் சிறுமேடை ஒன்றையும் அமைத்திருந்தார்கள். இசைத்தட்டு உறையின் படத்துக்காக நின்ற அந்த மெய்யான மரம் 2000ஆம் ஆண்டளவில் சாய்ந்துவிட்டது. நிழல் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

விளக்குகள் அணைந்தன. லாரி மல்லன் தனியாக நடந்து வந்து அந்த நிழல்மேடையில் அமர்ந்தார். படைவீரர் நடையின் தாளத்தில் டிரம்ஸ் எழுந்தது. 1972 ஜனவரி 30, ஞாயிறன்று, வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் சென்ற கத்தோலிக்க மக்கள்மீது ஆங்கிலப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர்; காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார். அந்த ஞாயிறைப் பற்றிய பாட்டு அது. பழி வாங்கத் தூண்டும் பாட்டன்று. 'இன்னும் எத்தனை நாள்?' என்று கேட்கும் பாட்டு. சங்கீதங்களைச் செபிப்பவர்க்கு அக்கேள்வி புதிதல்ல.

பிறகு திரை முழுவதும் குருதிச் சிவப்பாயிற்று. நால்வரும் அதன்முன் கரிய உருவங்களாக நின்றனர். ஆர்கன் ஒலி மெல்ல எழ, அந்தக் கிதார் தொடங்கியது. களஞ்சியத்தின் பின்னால் ஒற்றைக் காதில் கேட்டது, இப்பொழுது வயிற்றிலும் தரையிலும் கேட்டது. கண்ணீர் வந்தது என்று எழுத வெட்கமில்லை. தெருக்களுக்குப் பெயரே இல்லாத ஓரிடத்தைப் பற்றியது அப்பாட்டு. பெல்பாஸ்ட் நகரில் ஒருவர் தெருவின் பெயரைச் சொன்னாலே அவருடைய மதமும் வருவாயும் தெரிந்துவிடும் என்பதை எண்ணியும் பாடியதாகப் போனோ கூறியிருக்கிறார். நம் ஊர்களில் தெருவின் பெயரால் எது தெரியும் என்பதை எழுதத் தேவையில்லை. நம் பங்குகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அடுத்தது அந்த இரண்டாம் பாட்டு. இடையில் எத்தனையோ முறை இசைத்தட்டில் முழுமையாகக் கேட்டிருக்கிறோம். ஆயினும் செவி பழைய ஒட்டையே எதிர்பார்க்கும். பல்லாயிரவர் சேர்ந்து பாட, அந்த இடம் வந்தது. பாடகர் தாவவில்லை. சொல்லை முடித்தார், அடுத்த சொல்லையும் பாடினார். அக்கணமே நாம் நண்பரின் பக்கம் திரும்பினோம். அவர் முன்னமே நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட்டிலிருந்த பாடல்கள் அனைத்தையும் அதே வரிசையில் பாடினார்கள். கடைசிப் பாட்டு, தென்னமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் இராணுவ ஆட்சிகள் கடத்திச் சென்று மறைத்த பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றியது. திரையில் மெழுகுவர்த்தி ஏந்திய பெண்கள் வரிசையாக நின்றனர். நமக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபின், கிறிஸ்துமஸ் கடந்தும் கடலைப் பார்த்துக் கரையில் அமர்ந்திருந்த நம் பெண்களின் முகமே தெரிந்தது. உடல் கிடைக்காத பிள்ளைகளுக்கு நாம் நிறைவேற்றிய திருப்பலிகளில் எதுவும் சொல்ல இயலாமல் நின்ற நிமிடங்களை எண்ணிக்கொண்டோம். 1988இல் அப்பாட்டை, நீளமாக இருக்கிறது என்று ஓட்டிவிடுவோம்.

பின்னர் ஏ. ஆர். ரஹ்மானும் அவர்தம் புதல்வியரும் மேடையேறி, 'அகிம்சை' என்ற பாட்டை அவர்களோடு பாடினர். அதில் வருவன திருக்குறளின் சொற்கள்! அயர்லாந்துக்காரர் மேடையில் வள்ளுவரைக் கேட்டுப் பக்கத்திலிருந்த இளைஞர்கள் விழிக்க, நண்பர் நம் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அந்நேரத்தில்தான், ஏனென்று தெரியவில்லை, நாம் அவர் காதருகே குனிந்து, "அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றோம். 'நாம்' என்று சொல்லும் பழக்கம் அங்கே கைகொடுக்கவில்லை. "என்ன?" என்று கத்தினார். "ஒன்றுமில்லை" என்று கத்தினோம்.

திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை. கதவருகே நின்றோம். வாஷிப் பாலத்தின்மேல் வரும்போது, காற்று இரைச்சலுக்கிடையே மீண்டும் சொன்னோம். இம்முறை முழுவதும் சொன்னோம். நண்பர் நெடுநேரம் வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "நான் அதுக்கு முன்னயே போவணும்னு நெனச்சிட்டேன் மக்கா. சொல்லத்தான் தைரியம் வரல்ல. நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேருல்லா போயிருப்போம்? ஒங்க அம்மைக்கு யாரு பதில் சொல்ல?" என்றார். அது உண்மையா, நம்மை ஆற்றுவதற்காகச் சொன்னதா என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. சற்றுப் பொறுத்து, "ஆனா வருத்தம் இருந்திச்சு. இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

மான்குர்த் நிலையத்தில் கூட்டம் இறங்கி, இருவருக்கும் இடம் கிடைத்தது. "அந்தக் கேசட்டத் திருப்பித் தரவே இல்ல பாத்தியா" என்றார் நண்பர். பிறகு முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு இரண்டாம் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். எதிரே இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். நாமும் சேர்ந்துகொண்டோம். அந்த இடம் வந்ததும், வழக்கம்போல், இருவரும் ஐந்து வினாடியைத் தாண்டிப் பாடினோம்.