எழுபது வளைவும் ஒரு மஞ்சப்பையும்

ஏற்காட்டுக்கு 20. கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. வால்பாறைக்கு 40. இதெல்லாம் கொண்டை ஊசி வளைவுக் கணக்கு. நாமக்கல்காரர் யாரிடமாவது இதைப் பெருமையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு நமுட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு, "எங்க கொல்லிமலைக்கு 70-ங்க!" என்பார். அந்த ஊரில் முட்டைக்கு அடுத்தபடியாகப் பெருமையாக எண்ணுகிற சமாசாரம் இதுதான்.

காரவள்ளி என்கிற அடிவாரத்தில் ஆரம்பிக்கிறது ஆட்டம். வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட போர்டு. பைக்கில் போகிற பசங்களுக்குக் கொண்டாட்டம். நின்று நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். வேனிலும் பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு அதே போர்டு ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. 'இப்பத்தான் 23 ஆச்சா? இன்னும் 47 பாக்கியா?'

இந்த மலை இருக்கிற திசைக்கே பல வருஷமாக நான் ஒரு கும்பிடு போட்டு வைத்திருந்தேன். பக்தியினால் அல்ல. எனக்கு வாந்தி என்றால் பயம். அருவருப்பு எல்லோருக்கும் உண்டு சார். நான் சொல்வது பயம். பாம்பைப் பார்த்தால் வருமே, அந்த ரகம்.

நான் பி.காம். எதையும் கணக்கு எழுதித்தான் பழக்கம். இந்தப் பயம் எனக்கு வைத்த செலவை ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கல்யாண வீட்டில் முதல் பந்தி மட்டும்தான். கடைசிப் பந்தியில் சாம்பார் ஊசிப் போயிருந்தால்? ஓட்டலில் இட்லி தவிர வேறு எதுவும் தொடுவதில்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் ஆசாமி இரண்டு தடவை இருமினால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடை. முன்பு வேலை பார்த்த ஆபீஸில் பார்ட்டி என்றால் எட்டு மணிக்கே ஜூட். "தங்கமான பையன்யா, பாட்டில் இருக்கிற திசைக்கே வரமாட்டான்!" என்று மேனேஜர் நாலு பேரிடம் சொன்னார். அவருக்குத் தெரியாது, பக்கத்தில் குடிக்கிறவன் எப்போது எடுப்பானோ என்கிற திகில்தான் அந்தத் தங்கத்துக்கு முலாம் என்று!

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கடைசியாக வாந்தி எடுத்தது எட்டாம் கிளாஸில். இருபது வருஷமாக வராத விருந்தாளிக்குத் தினமும் வாசலில் காவல்!

இதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு ஒன்று உண்டு. என் மாமா (அக்கா வீட்டுக்காரர்) வகையறாவுக்கு மொட்டை, காதுகுத்து எல்லாம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலில்தான். அக்காவின் மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது அடிவாரம் வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. சித்தப்பா மகன்தான் தாய்மாமன் ஸ்தானத்தில் மடி கொடுத்தான். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த போட்டோ ஆல்பத்தை இன்றுவரை என்னிடம் காட்டியதும் இல்லை.

இரண்டாவது பையன் பிறந்தான். அவனுக்கு மூணு வயசு முடிவதற்குள் மொட்டை அடித்தாக வேண்டும். நான் ஒரு மனநல டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

பயத்துக்குப் பேர் இருக்கிறதாம். எமெட்டோஃபோபியா. பெரும்பாலும் சின்ன வயசிலேயே ஆரம்பித்துவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் என்றார். பேசிக்கொண்டே இருந்தவர், என் சட்டைப்பையைக் கவனித்தார்.

"அது என்ன, எலுமிச்சம்பழமா?"

"ஆமாங்க. குமட்டுனா மோந்து பார்க்க."

"இப்ப குமட்டுதா?"

"இல்லீங்க."

"குமட்டாததுக்குப் பழம்தான் காரணம்னு நினைக்கிறீங்க, இல்லையா?"

சிக்கினேன்! விஷயமே அங்கேதான் இருக்கிறது. பயந்தால் வயிறு வேலையைக் குறைத்துக்கொள்ளும், வாய் வறளும், தொண்டையில் என்னவோ உருளும். அதை நாம் குமட்டல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பயப்படுவோம். பயந்தால் குமட்டும், குமட்டினால் பயம். இந்த வட்டத்துக்குள் பழம், மிட்டாய், ஜன்னல் சீட், கைக்கு எட்டுகிற தூரத்தில் கவர் என்று காவல்காரர்களை நிறுத்தி வைத்துவிடுகிறோம். ஒன்றும் நடக்காத பெருமை முழுக்க அவர்கள் கணக்கில் வரவு. 'பழம் இல்லாமலே ஒன்றும் நடக்காது' என்பது மூளைக்குத் தெரிவதே இல்லை.

வைத்தியம் என்ன தெரியுமா? படிக்கட்டு. எது எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மார்க் போட்டு, குறைந்த மார்க்கிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். முதல் படி, 'வாந்தி' என்கிற வார்த்தையைப் பேப்பரில் பத்து தடவை எழுதுவது. சிரிக்காதீர்கள், எனக்குக் கை வியர்த்தது. அடுத்து சத்தமாகச் சொல்வது. அப்புறம் படம் பார்ப்பது, சத்தம் கேட்பது. அதற்கப்புறம் ஓட்ஸ் கஞ்சியில் காய்கறித் துண்டு போட்டுக் கலக்கி, வாயில் வைத்துக் கொப்பளித்து, 'உவ்வே' என்று சத்தத்தோடு பாத்ரூமில் துப்புவது! வீட்டுக்காரி கதவைத் தட்டி, "ஏங்க, டாக்டருக்கு ஃபீஸ் குடுத்துட்டா இதைப் பண்றீங்க?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு படியிலும் பயம் கிடுகிடுவென்று ஏறும். ஓடாமல் நின்றால், தானே இறங்கும். இறங்காமல் கொஞ்சம் அடம்பிடித்தாலும் குடி முழுகிவிடுவதில்லை என்பதாவது புரியும். ஆறு மாசத்தில் டவுன் பஸ், கடைசிப் பந்தி, ராத்திரி பரோட்டா எல்லாம் தாண்டினேன். மேல் படியில் நான் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: கொல்லிமலை, எலுமிச்சம்பழம் இல்லாமல்.

போன வைகாசியில் வேன் கிளம்பியது. இருபது பேர். அத்தை ஒருத்தர் ஏறும்போதே எல்லோருக்கும் பிரசாதம் மாதிரி எலுமிச்சம்பழம் விநியோகம் செய்தார். என்னிடம் நீட்டியபோது, "வேண்டாங்க அத்தை" என்றேன். வேனே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, எதுக்கும் ஒரு கவர் குடுங்க" என்று மாமா டிரைவரிடம் கேட்டார், எனக்காக.

"பிளாஸ்டிக் எல்லாம் 2019-லயே தடை பண்ணிட்டாங்களேங்க!" என்ற டிரைவர், சீட்டுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். மஞ்சப்பை! 'மீண்டும் மஞ்சப்பை' என்று 2021-ல் அரசாங்கம் இயக்கம் ஆரம்பித்தது வாஸ்தவம்தான். அதற்காக இதற்குமா? நல்ல துணிப்பை. எதை ஊற்றினாலும் மறுபக்கம் வந்துவிடும்.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். மலைப் பாதையில் குமட்டுவது வேறு, என் பயம் வேறு. உள்காது 'வளையுது, வளையுது' என்கிறது; முன் சீட்டின் முதுகையே பார்க்கிற கண், 'ஒண்ணும் அசையலையே' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளைக்கு வருகிற தலைச்சுற்றல்தான் அது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த டிரைவருக்கு வருவதில்லை. அதனால், வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பாருங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள். டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே மாத்திரை போடுங்கள். அதில் தப்பே இல்லை.

12-ஆம் வளைவில் உள்ளங்கை ஜில்லிட்டது. 19-ல் எச்சில் ஊறியது. டாக்டரம்மா சொன்னபடி எதையும் அடக்கப் பார்க்காமல் மார்க் மட்டும் போட்டுக்கொண்டு வந்தேன். 80... 85... 33-ல் அறுபதுக்கு இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே நாமக்கல் சமவெளி மொத்தமும் பாய் விரித்த மாதிரி கீழே கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

46-ஆம் வளைவு. அக்கா மடியிலிருந்த குட்டிப் பயல் என் மடிக்குத் தாவினான். "மாமா..." என்றான். முகம் வெளுத்திருந்தது. அடுத்த நொடி, காலையில் தின்ற இரண்டு இட்லியும் பாலும் என் வெள்ளைச் சட்டையில்!

வேனில் ஒரு சத்தம் இல்லை. பயலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஓடும் வேனிலிருந்து குதித்துவிடுவேன் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும், பையனைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

என் மார்க் அப்போது நூறு. பொய் சொல்லவில்லை. காது அடைத்தது. ஆனால் பயல் இன்னொரு தடவை எக்கினான். கை தானாகப் போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டது. "ஒண்ணுமில்லடா தங்கம், எடுத்துரு, எடுத்துரு" என்று யாரோ சொல்வது கேட்டது. நான்தான்.

"இருக்கட்டும்க்கா. என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். அக்கா கையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

70-ஐத் தாண்டினதும் காற்றே வேறு. செம்மேட்டில் ஒரு குழாயடியில் சட்டையை அலசினேன். வல்வில் ஓரிக்கு அங்கே சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு பாடுகிற மகராசன். அவன் முன்னால் ஈரச் சட்டையோடு நிற்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கோயிலில் துண்டு மட்டும் போர்த்தி மடி கொடுத்தேன். மொட்டை அடிக்கும்போது பயல் தூங்கினான். காது குத்தும்போது மலையே அதிர்ந்தது. பக்கத்திலேயே ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கும் மேலே படி. இறங்கும்போது முழங்கால் ஒன்றும் சொல்லாது, ஏறும்போது வட்டியும் முதலுமாகக் கேட்கும்.

பயம் ஒரேயடியாகப் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. இப்போதும் எட்டிப் பார்க்கும். அது வந்தால் வேனை நிறுத்துவதில்லை, அவ்வளவுதான். இதே தொல்லை உள்ளவர்கள் கூச்சப்படாமல் ஒரு மனநல டாக்டரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமா? டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சோளக்காட்டுச் சந்தையில் அரைக்கிலோ மிளகும் இரண்டு சீப்பு மலை வாழைப்பழமும் வாங்கினேன். எதில் போட்டுக்கொள்வது என்று முழித்தபோது பாக்கெட்டில் கை போனது. டிரைவர் கொடுத்த மஞ்சப்பை, மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது!