மெருகும் மெய்யும்

மெருகு என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பளபளப்பே நம்மவர் நினைவுக்கு வருகின்றது. பழைய பெட்டிக்கு வார்னிஷ் பூசுவதும், மங்கிய செம்பைப் புளியிட்டுத் துலக்குவதுமே மெருகென்று எண்ணிப் பழகிவிட்டோம். மாதிரியுருச் செய்யும் கலையிலோ அச்சொல்லுக்குப் பொருள் வேறு. புதியதைப் பழையதாக்குவதும், மினுக்கை அடக்குவதும், துருவையும் கறையையும் உரிய இடத்தில் வைப்பதுமே அங்கே கைதேர்ந்த மெருகாகும். நெடுநாள் கைவிட்டிருந்த இக்கலைக்குத் திரும்பிய பின் யான் கற்றவற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

பெரியதொரு பொருளை அளவு பிசகாது சிறிதாக்குவதே மாதிரியுரு. இதனைச் சிறுவர் விளையாட்டென்று இகழ்வோர் உளர். ஜப்பானில் ஷிசுவோக்கா நகரில் 1946-இல் மர வாணிகமாகத் தோன்றிய தமியா நிறுவனம், பின்னர் மரத்தாலான மாதிரிகளையும், 1960 முதல் பிளாஸ்டிக் மாதிரிகளையும் செய்து உலகெங்கும் பெயர் பெற்றது. சிறுவர்க்கு மட்டுமே உரிய தொழிலாயின் அத்துணைப் பேர் முதிர்ந்த வயதிலும் அதில் மூழ்கியிரார். யானும் இளமையில் விமானங்களை ஒட்டி மகிழ்ந்தவனே. ஓய்வு பெற்றபின் மீண்டும் கத்தியும் தூரிகையும் எடுத்தபோது விமானத்தில் மனஞ்செல்லவில்லை. பிறந்த தோட்டத்து லயத்தைச் செய்தால் என்ன என்று தோன்றிற்று.

அவ்வாறு தோன்றியதற்குக் காரணம் உண்டு. 1511-இல் மலாக்காவைக் கொள்ளையிட்ட பொருளோடு சுமத்திராவை அடுத்த கடலில் மூழ்கியது ‘புளோர் டெ லா மார்’ என்னும் போர்த்துகீசியக் கப்பல். அதன் உருவம் இன்று மலாக்கா ஆற்றோரத்தில் காட்சிசாலையாக நிற்கின்றது. சுல்தானின் மர அரண்மனையும் குன்றடியில் மீளக் கட்டப்பட்டு, 1986-இல் திறக்கப்பெற்றது. இவை இருப்பது நன்றே. ஆனால் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களில், இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, காண்டா வாளி சுமந்து பால் எடுத்த மக்களின் லயங்கள் எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டு மனைகளாகியும் போக, லயங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. கப்பலுக்கும் அரண்மனைக்கும் உருவம் உண்டு. நம் தாய்மார் ஊதிய அடுப்புக்கு உருவம் இல்லை.

ஓரடியைக் காலங்குலமாகக் கொண்டேன். அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. நாங்கள் வாழ்ந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அது மேசைமேல் இரண்டரை அங்குலத்திற்கு மூன்றங்குலமாயிற்று. அதனுள் அறுவர் உறங்கினோம் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன் எனலாம். பலகைக்கு ஜெலுத்தோங் மரத்தைத் தெரிந்தேன். அதுவும் ரப்பரைப் போலப் பால் தரும் மரமே. அதன் பால் மெல்லும் கோந்து செய்யப் பயன்பட்டது. இலேசானதும் நேரிழை உடையதுமாகிய அம்மரம் சிறு கத்திக்கும் இணங்கும்.

வெட்டி ஒட்டுவது பாதி வேலையே. எஞ்சிய பாதி மெருகு. உப்புத்தாளை முரடில் தொடங்கி மென்மைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முதற்பூச்சின் ஈரம் பட்டவுடன் மரத்தின் நார் சிலிர்த்தெழும். அதனை மீண்டும் தேய்த்த பின்னரே வண்ணம் ஏற்றலாம். சாம்பல் நிற அடிப்பூச்சு, கண்ணுக்குத் தப்பிய கீறலையெல்லாம் காட்டிக்கொடுக்கும். வண்ணத்தைக் கெட்டியாக ஒரே தடவை பூசினால் நுண்ணிய வேலைப்பாடு மூழ்கிப்போம். நீர்க்கப் பல தடவை பூசுவதே முறை. சிற்றுருவில் தூய வெள்ளையும் தூய கருப்பும் கண்ணை உறுத்துமாதலின் இரண்டையுஞ் சற்றே தணிக்க வேண்டும்.

தகரக் கூரைக்குச் சமையலறை அலுமினியத் தாளை நெளிநெளியாக அழுத்திக்கொண்டேன். அதன்மேல் முதலில் துருவின் பழுப்பு. அது காய்ந்தபின் தலைமயிர் படியத் தெளிக்கும் ஸ்பிரே. அதற்கும் மேல் நீரிற் கரையும் சாம்பல் வண்ணம். பின்னர் ஈரத் தூரிகையால் தேய்த்தால் நடுவிலுள்ள ஸ்பிரே இளகி, மேல் வண்ணம் ஆங்காங்கே உதிர, அடியிலுள்ள துரு எட்டிப் பார்க்கும். பலகை இடுக்குகளுக்கு எண்ணெய் வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்து ஓடவிட்டால் போதும். நிழல் தானே தங்கும். தரைக்கோ செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்தாக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மணல் இவ்வளவில் ஏறக்குறைய இரண்டங்குலக் கல்லாய்விடும்!

இவ்வளவுங் கற்றும் ஒரு வினா எஞ்சியது: கறையை எங்கே வைப்பது? லயத்தில் வாழ்ந்த, எண்பது வயதைக் கடந்த பெரியம்மா ஒருவரைக் கேட்டேன்.

“கறை கண்ட இடத்திலேயா வரும், தம்பி?” என்றார் அவர். “அடுப்புக்கு மேலே புகை. மழை தெறிக்கிற உயரத்துக்குச் செம்மண். கதவு நிலையிலே ரப்பர் பால் பட்ட கை. அஞ்சடி மட்டும் சுத்தமா இருக்கும். நான்தானே தினம் கழுவுவேன்.”

நூறு நூல்கள் கற்பிக்காத பாடம் இது. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணமற்ற கறை பொய். காரணமுள்ள கறையை மறைப்பதும் பொய். கூரை ஆணியிலிருந்து வழிந்த துரு, தகரத்தை மாற்றாது விட்டவரின் கணக்கைச் சொல்லும். கழுவிய அஞ்சடி, அதற்குள்ளும் மானத்தோடு வாழ்ந்த பெண்ணின் கையைச் சொல்லும்.

வேலை முடிந்ததும் பார்வையிட்ட அன்பர் ஒருவர், “நாம் முன்னேறிவிட்டோமே, ஐயா! பிள்ளைகள் பார்ப்பதற்கு இதையா வைப்பது? சுவருக்கு வெள்ளையடித்துக் கூரையைப் புதிதாக்கிவிடுங்கள்” என்றார். அவர் நெஞ்சில் இருந்தது அன்பே; ஆயினும் யான் இணங்கவில்லை. நெருக்கமான அறையும் ஓட்டைக் கூரையும் இழிவென்றால், அவ்விழிவு கட்டிக்கொடுத்தவரைச் சேருமேயன்றிக் குடியிருந்தவரைச் சேராது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்க 1966-இல் மலேசியாவில் ஒரு சட்டமே வேண்டியதாயிற்று. வெள்ளையடித்த லயத்தைக் காணும் பிள்ளை, “இதற்கா நம் பாட்டனார் போராடினார்?” என்று கேளாதா? வேறு சிலரோ அவலத்தைக் காட்டும் வேகத்தில் எங்கும் அழுக்கை அப்பிவிடுகின்றனர். அது நம் மக்களைத் துப்புரவறியாதவர் என்று பழிக்கும் மற்றொரு பொய். இரண்டுக்கும் நடுவே உள்ள மெய்யைத் தேடுவதே மெருகு.

இன்னுமொன்று சொல்லவேண்டும். உளி பிடித்தவனைத் தாழ்த்தி, ஏடு பிடித்தவனை உயர்த்திய சாதிப் பித்து நம்மை முழுதும் விட்டபாடில்லை. “படித்தவர் மரத்தைத் தேய்ப்பதா?” என்று இன்றும் கேட்கின்றனர். ஒரு மூங்கிற் படலை ஒழுங்காகச் செய்து பார்த்தவன் எந்தத் தச்சனையும் இழிவாகப் பேசான். கை கற்றுக்கொண்டதை வாய் மறுக்காது.

தோட்டத்திலும் நகரிலும் வாழும் தோழர்களே! லயத்தில் வாழ்ந்தோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் அறையின் நீளத்தைக் கேளுங்கள். அடுப்பு எத்திசையில் இருந்தது, குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று, ஆயாக் கொட்டகை எங்கே நின்றது என்று கேட்டு எழுதுங்கள். அட்டையும் பசையும் உப்புத்தாளும் விலை மிகுந்தவையல்ல. தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் அவ்வூர்த் தோட்டத்தின் மாதிரியொன்று, அங்கு வாழ்ந்தவர் கண்டு “ஆம், இப்படித்தான் இருந்தது” என்று சொல்லும்படி அமையுமாயின், அதனினுஞ் சிறந்த வரலாற்று நூல் நம் சிறுவர்க்கு வேண்டுவதில்லை.