எஃப் 00 தொடக்கம் எஃப் 49 வரை

'பாட்டு அடிக்கிறது' என்றால் என்னவென்று இன்னும் பத்து வருசத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும். நாங்கள் ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு படித்த காலத்தில் சந்திக்குச் சந்தி ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. போனிலிருந்து சிப்பைக் கழற்றிக் குடுத்தால் கடைக்கார அண்ணா தன்ர கொம்பியூட்டரில் செருகி, 'புதுசு', 'பழசு', 'சோகம்', 'அம்மன் பாட்டு' என்று பெயர் வைத்த ஃபோல்டர்களைக் காட்டுவார். 128 கேபிபிஎஸ் பாட்டு ஒன்று நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டென்றால் 5 எம்பி. அப்படிப் பார்த்தால் 4 ஜிபி சிப்புக்குள் 800 பாட்டு. நாங்கள் கேட்டுப் போனது பத்துப் பாட்டுத்தான். மிச்ச 790 உம் அந்த அண்ணாவின்ர ரசனை. எங்கட ஊர்களில் ஒரு தலைமுறை என்ன பாட்டுக் கேட்டது என்பதை அநேகமாக இந்த அண்ணாமார்தான் தீர்மானித்திருப்பினம். இதை ஆராவது ஆய்வுக்கு எடுக்கலாம்.

அந்தச் சிப்பைச் சின்ன எம்பி3 பிளேயரிலோ, கைப்பிடி வைச்ச சீன ரேடியோவிலோ போட்டால் பாட்டுகள் ஏன் தாறுமாறாக வருகுது என்று அப்ப விளங்கவில்லை. மலிவான பிளேயர் பலது அகரவரிசை பார்க்காது. எது முதலில் கொப்பி பண்ணப்பட்டதோ அதுதான் முதலில் பாடும். வரிசை முக்கியமென்றால் ஒவ்வொன்றாக, அந்த வரிசையிலேயே ஏத்த வேண்டும். இதை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

இப்ப எங்கட போர்டிங் அறையில் நாலு பேர். நாலு பேரிட்டயும் சொந்தமாக ஒரு பாட்டுக் கோப்பு இல்லை. எல்லாம் செயலிக்குள்தான். மாசக் கடைசியில் டேட்டா முடிந்தால் அறையே அமைதியாகிவிடும். அந்த அறைக்குத்தான் போன தவணை விடுமுறை முடிந்து வரும்போது எங்களில் கிளிநொச்சிக்காரி ஒரு ஐபொட் கிளாசிக் கொண்டுவந்தாள். 2001 இல் தொடங்கி 2022 இல் உற்பத்தியே நின்றுபோன ஐபொட் வகையில், உள்ளுக்குள் ஹார்ட் டிஸ்க் சுத்துற சாதி இது. காதில் வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும்.

அது அவளின்ர மாமா 2013 இல் ரொறொன்ரோவிலிருந்து வந்தபோது அம்மாவிட்ட விட்டுவிட்டுப் போனது. கேபிள் துலைந்து, அலுமாரிக்குள் கிடந்தது. அதுக்குள் 3,000 க்கு மேல பாட்டு. அதோட, 96 இல் அம்மம்மா வன்னியிலிருந்து கதைத்து அனுப்பின கசெற் ஒன்றையும் மாமா பிற்காலத்தில் கொம்பியூட்டருக்கு மாத்தி அதில் ஏத்தியிருந்தார். கசெற் வீடு மாறேக்க எங்கேயோ போய்விட்டது. அந்தக் கொம்பியூட்டரும் பழுதாகி எறிந்தாச்சு. ஊரில் இருந்த படம், கசெற் எல்லாம் 2009 ஓட சரி. அம்மம்மாவும்தான். ஆக, அந்தக் குரல் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

30 பின் கேபிள் தேடி யாழ்ப்பாண டவுனில் அலைந்ததை எழுதினால் அதுவே ஒரு கட்டுரை. ஒரு கடையில் கேபிள் இருந்தது. கூடவே ஒரு ஆலோசனையும் கிடைத்தது: "தங்கச்சி, ரீஸ்டோர் அடிச்சால் புதுசு மாதிரி வரும்." புதுசு மாதிரி வாறதுதான் எங்கட பயமே.

ஐபொட்டின்ர ஏற்பாடு என்னவென்றால், அது ஒரு கொம்பியூட்டரில் இருக்கிற ஒரு ஐடியூன்ஸ் லைப்ரரியோடதான் சோடி சேரும். வேறொரு கொம்பியூட்டரில் செருகினால், உள்ளே இருக்கிறதை அழித்துவிட்டு இங்கே இருக்கிறதை ஏத்தவா என்று கேட்கும். ஓம் என்று அமத்தினால் கதை முடிந்தது. பாட்டு ஏத்துறதுக்குத்தான் வழி, இறக்குறதுக்கு இல்லை. ஒருவரின்ர பெட்டியிலிருந்து இன்னொருவர் பாட்டுக் கொப்பி பண்ணக்கூடாது என்ற இசைக் கொம்பனிகளின்ர கவலை அதுக்குப் பின்னால் இருந்தது. 2009 வரைக்கும் ஐடியூன்ஸ் கடையில் விற்ற பாட்டுகளுக்கே பூட்டு இருந்தது. கலைஞருக்குக் காசு போகவேணும் என்றதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அம்மம்மாவின்ர குரலுக்கு ஆர் கொப்பிறைற் கேட்கப் போயினம்?

அதனால் ஐடியூன்ஸ் இல்லாத லப்டொப் ஒன்றில் செருகினோம். மாமா விண்டோஸ் கொம்பியூட்டரில் பாவித்தபடியால் அது ஒரு பென் டிரைவ் மாதிரியே வந்து நின்றது. திறந்தால் பாட்டுகள் இல்லை. மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்று விண்டோஸுக்குச் சொன்னால் 'ஐபொட் கொன்ட்ரோல்' என்று ஒரு ஃபோல்டர் தலைகாட்டும். அதுக்குள் 'மியூசிக்'. அதுக்குள் எஃப் 00 தொடக்கம் எஃப் 49 வரை ஐம்பது ஃபோல்டர். எல்லாப் பாட்டும் இந்த ஐம்பதுக்குள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் அர்த்தமில்லாத நாலு எழுத்துப் பெயர். ஆர் பாடினது, என்ன படம் என்ற விபரமெல்லாம் வேறொரு தரவுக் கோப்பில். அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் பெட்டி தன்ர திரையில் ஒழுங்காகப் பட்டியல் காட்டும்.

உங்களிட்டயும் இப்படி ஒன்று அலுமாரிக்குள் கிடந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்த 'மியூசிக்' ஃபோல்டரை முழுசாகக் கொம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணுங்கோ. பெட்டிக்குள் எதையும் அழிக்கவோ பெயர் மாத்தவோ வேண்டாம். பாட்டின் பெயர் பெரும்பாலும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் டக்காக எழுதப்பட்டிருக்கும். 'எம்பி3டக்' என்ற இலவச மென்பொருள் அதை வாசித்துக் கோப்புக்குப் பெயராக வைத்துத் தரும். எங்களுக்குக் கிட்டத்தட்ட 14 ஜிபி. பழைய டிஸ்க் என்றபடியால் ஆறுதலாகத்தான் வந்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல், கேபிள் அசையக்கூடாது என்று மேசையில் ஒருத்தரும் கை வைக்கவில்லை.

3,100 சொச்சம் கோப்பில் அம்மம்மாவை எங்க தேடுறது? அளவுப்படி வரிசைப்படுத்தினோம். பாட்டுகள் 4, 5 எம்பி. மேலே 14 எம்பியில் ஒரே அளவாக இரண்டு கோப்பு. 60 நிமிடக் கசெற்றின்ர ஒரு பக்கம் 30 நிமிடம், 64 கேபிபிஎஸ் இல் மாத்தினால் சரியாக அவ்வளவுதான் வரும். அவற்றின்ர டக்கில் இங்கிலிஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிடந்தது. வைரஸாக்கும் என்றாள் அட்டன்காரி. மன்னார்க்காரி எட்டிப் பார்த்துவிட்டு உடனே வாசித்தாள்: "அம்மா 96, 1."

ஏஎல் முடித்துவிட்டுக் கம்பஸ் திறக்கும் மட்டும் அச்சகம் ஒன்றில் டைப் செட்டிங் செய்தவள் அவள். மாமா பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். பாமினியில் எம் தட்டினால் 'அ', கே தட்டினால் 'ம', அரைப்புள்ளி தட்டினால் மேலே குத்து, எச் தட்டினால் அரவு. எழுத்துரு இல்லாத இடத்தில் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று மட்டும்தான் தெரியும். எங்கட ஆக்கள் பாமினியில் அடித்து வைத்த ஆவணங்கள், மலர்கள், கடிதங்கள் எத்தனை ஆயிரம் இப்படிக் கிடக்கோ. இன்னும் கொஞ்ச நாளில் அதை வாசிக்கிறதுக்கு மன்னார்க்காரி மாதிரி ஆக்களைத் தேடித் திரிய வேண்டிவரும்.

அம்மம்மா வேகமாகத்தான் கதைக்கிறா. பற்றறி வன்னிக்குள் விட மாட்டாங்கள், கிடைத்தாலும் யானை விலை என்ற காலம் அது. "உது முடியிறதுக்குள்ள சொல்லிப்போடுறன்" என்றுதான் தொடங்குறா. ஆடு குட்டி போட்டது, இடம்பெயர்ந்து வந்த ஆக்களுக்குக் கொட்டில் போடக் காணி குடுத்தது, மாமா குளிருக்குத் தலையை மூடவேணும் என்றது. கசெற்றைக் கொழும்புக்குப் போற ஆரிட்டயோ குடுத்துவிடப் போறா, அந்தாள் பிந்தினால் பிந்துமாம். இரண்டாவது பக்கத்தின் கடைசி ஏழு, எட்டு நிமிடத்தில் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, உயர்ந்து, சின்னப்பிள்ளை கதைக்கிற மாதிரி ஆகிவிடுகுது. அந்தக் குரலில்தான் தாலாட்டு ஒன்று பாடுறா.

பெட்டி பழுதில்லை. பதியும்போது பற்றறி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் வேகமாகவும் கீச்சென்றும் கேட்கும். எங்களில் இரண்டு பேர் அதை அப்படியே விடுவம் என்றோம். பற்றறி முடியிறதும் அந்தக் கசெற்றின்ர கதைதானே. நல்ல நியாயம் மாதிரித்தான் இருந்தது. பிறகு போயா லீவுக்கு நாலு பேருமாகக் கிளிநொச்சிக்குப் போய் அவளின்ர அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். முதல் பக்கம் முழுக்கப் பேசாமல் கேட்டா. தாலாட்டு வந்ததும், "இது அம்மா இல்லை. அம்மாவுக்குக் கனத்த குரல். உதைச் சரிப்படுத்தேலாதே?" என்றா.

சரிப்படுத்தலாம். 'ஒடாசிட்டி'யில் வேகத்தை இத்தனை வீதம் குறை என்றால் குறைக்கும். ஆனால் எத்தனை வீதம்? கிளிநொச்சிக்காரிக்கு அம்மம்மாவின்ர குரல் நினைவில்லை. எங்களுக்கு எப்படித் தெரியும்? பற்றறி ஒரே அளவாக இறங்குறதுமில்லை. அதனால் கடைசித் துண்டை ஒவ்வொரு நிமிடமாக வெட்டி, வீதத்தை மாத்தி மாத்திப் போட்டோம். அன்ரி கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தா. "இன்னும் கொஞ்சம் இறக்கு பிள்ளை. ம்... கூடிப்போச்சு. இப்ப சரி." முதல் துண்டு 3 வீதத்தில் நின்றது. தாலாட்டு 11 இல்.

அன்ரிக்குச் செயலி, பட்டியல் ஒன்றும் வேண்டாம், அமத்தினால் பாடவேணும். அதனால் அவவின்ர குசினி ரேடியோவுக்கு ஒரு சிப்பில் முதல் பக்கம், பிறகு இரண்டாம் பக்கம், பிறகு வெட்டின துண்டுகள் என்று வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாக ஏத்திக் குடுத்தோம். வேறு ஒரு பாட்டும் அதில் இல்லை. மாத்தாத இரண்டு கோப்பையும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்பினோம், அப்பத்தான் கோப்பு குறையாமல் அப்படியே போகும். லப்டொப்பில் ஒன்று, பென்னில் ஒன்று வேறு.

மற்றப் பாட்டுகளில் அரைவாசிக்கு டக்கே இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் பெயர் வைக்கிறோம். இரவில் சாப்பிட்ட பிறகு பத்துப் பாட்டு. பெயர் தெரியாதது வந்தால் ஆராவது ஒருத்தி வீட்டுக்குக் கோல் எடுத்துப் போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடிப்பாள். அட்டன்காரியின் அப்பாதான் இதுவரைக்கும் கூடக் கண்டுபிடித்தவர். இப்போதைக்கு எஃப் 17 முடிந்திருக்கு.